முண்டம் என்றொரு கலைச்சொல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்தைந்து ஆண்டுகளாக வேலை நிமித்தம் வாரத்துக்கு இரண்டு முறையாவது மரக்காணம் வழியாகப் பஸ்ஸில் போய்வந்தவன் நான். அப்படிப்பட்ட நான், மரக்காணத்து உப்பளத்தை வரைந்திருந்த ஓர் ஓவியத்தைப் பார்த்துவிட்டு, ‘இது எந்த நிலத்துக்கும் சொந்தமில்லாத கனவுவெளி’ என்று எழுதினேன். அது அச்சிலும் வந்தது. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, நாற்பது பேர் முன்னால் மைக்கைப் பிடித்து வாசித்தும் காட்டினேன்.

அத்தனை வருடம் பஸ்ஸில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்கலாம். படித்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் ஐரோப்பிய ஓவியர்களைப் பற்றிய புத்தகங்கள். சர்ரியலிசம் என்றால் என்ன, கனவு எப்படிக் குறியீடாகிறது, குறியீடு எப்படி வண்ணமாகிறது என்றெல்லாம் பென்சிலால் அடிக்கோடிட்டுக்கொண்டே போவேன். மரக்காணத்துக்கு முன்னால் ஜன்னலுக்கு வெளியே ஏதோ வெள்ளையாகப் பளபளக்கும். கண் கூசும். எழுத்து தெரியவில்லையே என்று ஷட்டரை இறக்கி விட்டுவிடுவேன்.

குயிலாப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் தங்கும் விடுதி நடத்துகிறார். மாடியில் பெரிய ஹால் ஒன்று உண்டு. யோகா வகுப்பு இல்லாத வாரங்களில் அங்கே ஓவியக் கண்காட்சி வைப்பார். ஒருநாள் பெரிய முதலியார்சாவடியில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“நீங்கதான் நிறைய படிக்கிறீங்களே சார். நம்ம பக்கத்து அம்மா ஒருத்தங்க வரையிறாங்க. பெரிய படம் ஒண்ணு, சின்னது நாலஞ்சு. ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க, மடிப்புத்தாளா அடிச்சிடலாம். தொடக்கவிழாவுல பேசிடுங்க.”

நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனை யாரும் தொடக்கவிழாவுக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் சாப்பாடு வர நேரமாகும்போது ஒப்பேற்றத்தான் மேடையேற்றுவார்கள். சிரிக்காமல் ஒன்று எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது. உடனே ஒப்புக்கொண்டேன்.

படங்களை மாட்டிய அன்று அந்த அம்மாவைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். மரக்காணத்துப் பக்கம் ஒரு பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. கணவர் கொஞ்சம் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார் என்று விடுதிக்காரர் சொல்லியிருந்தார். அதைக்கூட நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

“எழுதறதுக்கு எங்கிட்ட எதாவது கேக்கணுமா சார்?” என்றார் அவர்.

“வேண்டாம்மா. வரைஞ்சவங்களக் கேட்டு எழுதினா அது விமர்சனம் ஆகாது” என்றேன்.

இது எந்தப் புத்தகத்தில் அடிக்கோடிட்டது என்று நினைவில்லை. நினைவிருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்திருப்பேன்.

பெரிய படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான துணி. அதில் வானம் கீழே கிடந்தது, மேகங்களோடு, சதுரம் சதுரமாக வெட்டப்பட்டு. ஒரு சதுரம் மட்டும் இளஞ்சிவப்பு. வானத்தின் மேல் ஒரு நீலக் கதவு, தாழ்ப்பாளோடு, மல்லாந்து கிடந்தது. பின்னணியில் கதவோ ஜன்னலோ இல்லாத கூரை வீடுகள் வரிசையாக நின்றன. இடுப்புக்கு மேல் ஆணாகவும் கீழே பெண்ணாகவும் ஏழு உருவங்கள், கறுத்த பாதங்களோடு. நடுவில் ஓர் ஆள் குந்தியிருந்தான். நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, பட்டன் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தது. வெள்ளைப் பட்டன்கள், மேலிருந்து மூன்றாவது மட்டும் சிவப்பு. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் காற்று.

எனக்குக் கை பரபரத்தது. இத்தனை வருடம் படித்ததற்கெல்லாம் மொத்தமாக ஒரே படத்தில் வேலை கிடைத்துவிட்டது. தலைப்பிலேயே ‘சர்ரியல்’ என்று போட்டேன். கீழே கிடக்கும் வானம், தலைகீழான அகஉலகம். கதவு, எந்த அறைக்கும் இட்டுச்செல்லாத திருமணம். வாசலில்லாத வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மூச்சுமுட்டல். பாதி ஆணான பெண்கள், அடையாளச் சிக்கல். இளஞ்சிவப்புச் சதுரத்தைப் பற்றி நான் எழுதியதை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. பெண்ணுடல் என்று தொடங்கி ஒரு முழுப் பத்தி போயிற்று. மூன்றாவது பட்டன், நெஞ்சில் பாய்ந்த குண்டு. கடைசியாக இந்த வாக்கியம், என் சொந்தத் தயாரிப்பு: ‘தலையை இழந்த இந்த முண்டம், குடும்பம் என்னும் அமைப்பில் கணவன் வகிக்கும் இடத்தின் குறியீடு.’

சிற்பக்கலை பற்றிய நூல்களில் தலையும் கைகால்களும் இல்லாத உடலுக்கு முண்டம் என்றுதான் பெயர். மரியாதையான கலைச்சொல். அதே சொல்லை டீக்கடையில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். என்னையே பல பேர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கட்டுரை எழுதும்போது டீக்கடை நினைவுக்கு வருவதில்லை.

விழா நன்றாகத்தான் நடந்தது. கைதட்டினார்கள். வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று வாசலில்லாத வீடுகளை நெடுநேரம் பார்த்துத் தலையாட்டியது. முடிந்து படியிறங்கும்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் அவங்க வீட்டுக்காரர் சார். நடுவுல அளத்துலேர்ந்து போன் வந்துச்சு, தண்ணி பாய்ச்சறதப் பத்தி. வெளிய போயிட்டேன். கேட்ட வரைக்கும் நல்லா இருந்துச்சு. பாதி புரியல, ஆனா நல்லா இருந்துச்சு. இதுல ஒரு இருபது எடுத்துக்கட்டுமா? ஊர்ல குடுக்கணும்.”

“தாராளமா எடுத்துக்குங்க” என்று மடிப்புத்தாள் கட்டை நானே என் கையால் எடுத்துக் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்து அந்த அம்மா போன் செய்தார். அழவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பேசுகிற குரலிலேயே பேசினார்.

“சார், நீங்க எழுதினத அவரே டீக்கடைக்கு எடுத்துட்டுப் போயி, எம் பொண்டாட்டிய பத்தி அச்சுல வந்திருக்குதுன்னு எல்லாருக்கும் குடுத்திருக்காரு. ஒருத்தரு சத்தமாப் படிச்சாராம். முண்டம்ங்கற எடம் வந்ததும்…”

“அம்மா, அது வந்து ஒரு கலைச்சொல்.”

“எனக்குத் தெரியுது சார். நீங்க எழுதின அந்தக் கட்டம் போட்ட சட்டை யாரோடதுன்னு ஊருக்கே தெரியும். மூணு வருஷம் அதத்தான் போட்டுகினு திரிஞ்சாரு. இப்ப ஊருல அவருக்குப் பேரே அதுதான்.”

“நீங்க அன்னிக்கு ஹால்லயே சொல்லியிருக்கலாமே.”

“மைக்குல எம் பேரு வந்துச்சா, அதுக்கு மேல ஒண்ணும் காதுல விழல சார். சின்ன எழுத்து வேற. வீட்டுக்கு வந்து படிச்சிக்கலாம்னு இருந்துட்டேன்.”

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். அவர் வரைவது வீட்டை ஒட்டிய ஒரு தகர ஷெட்டில். முன்பு உப்பளச் சாமான்கள் கிடந்த இடம். கணவர்தான் அதை ஒழித்துக் கொடுத்து, டியூப் லைட் போட்டு, ஒரு பழைய மேசையும் வாங்கி வைத்தாராம். இப்போது அதே மனிதர் காலிச் சாக்குகளைக் கூரை முட்ட அடுக்கிப் பூட்டுப் போட்டுவிட்டார். வண்ணங்களெல்லாம் உள்ளே. புதுச்சேரியில் ஐந்தாறு பேர் சேர்ந்து வைக்கும் கண்காட்சிக்கு இரண்டு மாதத்தில் ஆறு படம் கொடுக்க வேண்டும். முதல் தடவையாகக் கேட்டிருக்கிறார்கள். கொடுக்காவிட்டால் இனிக் கேட்க மாட்டார்கள்.

“நான் சொன்னா அவரு காதுலயே வாங்க மாட்டேங்கறாரு. எழுதினது நீங்க. நீங்கதான் வந்து சொல்லணும்” என்றார்.

போனேன். பஸ்ஸில் புத்தகம் எடுத்துப் போகவில்லை. ஷட்டரையும் இறக்கவில்லை. மரக்காணத்துக்கு முன்னால் வானம் கீழே கிடந்தது, மேகங்களோடு, சதுரம் சதுரமாக.

பஸ் நிறுத்தத்தில் கணவர் பைக்கோடு நின்றிருந்தார். வாங்க என்றார், உட்காருங்க என்றார். வீட்டுக்குப் போகாமல் நேராக அளத்துக்கு விட்டார். பங்குனி வெயில். வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் முன்னால் நடந்தார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

“நீங்க எழுதினதப் பக்கத்து வூட்டுத் தம்பி எனக்கு ஒருவாட்டி முழுசாப் படிச்சிக் காட்டுனாரு. அதுல வாசல் இல்லாத வூடுன்னு போட்டிருந்தீங்க. அதோ.”

உப்பைக் குவித்து, மழைக்கும் காற்றுக்கும் மேலே ஓலை வேய்ந்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கூரை வீடு மாதிரியே இருந்தது. வரிசையாக ஒன்பதோ பத்தோ.

“இதுக்கு எதுக்கு சார் வாசலு? உப்பு என்னா குடும்பம் நடத்தப் போவுதா?”

சற்றுத் தள்ளி ஒரு பாத்தி இளஞ்சிவப்பாக இருந்தது. தண்ணீர் நன்றாகச் சுண்டி உப்பு இறங்கப் போகிற நேரத்தில் நிறம் அப்படி மாறும் என்றார். பிறகு நின்று திரும்பினார்.

“இதைப் பத்தியும் என்னமோ எழுதியிருக்கீங்க போல. தம்பி அந்த எடம் வந்ததும் இருமிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டாரு. என்னா அது?”

“அது அச்சுப்பிழைங்க” என்றேன்.

பாத்தியில் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். புடவைக்கு மேலே ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, காலில் கறுப்பு சாக்ஸ். உப்பு தோலை அறுக்காமல் இருக்க. எண்ணிப் பார்க்கவேண்டாம் என்றுதான் நினைத்தேன். எண்ணினேன். ஏழு பேர்.

அதற்குப் பிறகு கதவு. வாய்க்காலின் குறுக்கே, நீல வண்ணம் உரிந்துபோய், தாழ்ப்பாளோடு மல்லாந்து கிடந்தது. அதன்மேல் நடந்து அவர் அந்தப் பக்கம் போய்விட்டார்.

“எங்க பழைய வூட்டுக் கதவு. வேப்பமரம். புதுசா கட்டும்போது தூக்கிப்போட மனசு வரல. வாங்க, தாங்கும்.”

‘எந்த அறைக்கும் இட்டுச்செல்லாத திருமணம்’ என்று எழுதியவனுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“இது எங்க போவுதுங்க?”

“இந்தாண்ட வரப்புக்கு” என்றார்.

நான் காலை வைத்தேன். அவர் எங்கே மிதிக்க வேண்டுமோ அங்கே மிதித்திருக்கிறார். நான் நடுவில் மிதித்தேன். பலகை மளுக்கென்றது. வலது கால் முழங்கால் வரை கதவுக்குள் போய்விட்டது. இடது கால் மேலே மடங்கிக்கொண்டது. கையில் செருப்பு. காலில் சிராய்த்த இடத்தில் உப்புத்தண்ணீர் பட்டதும் நான் எழுப்பிய சத்தத்தில் ஏழு பெண்களும் நிமிர்ந்தார்கள்.

“அண்ணே, யாருண்ணே அது கதவுல பூந்துகினு நிக்கறது?”

“படத்தப் பத்தி எழுதினாரே, அந்த சாரு.”

“ஐய, பாவம்டி. உள்ள வரணும்னா கதவத் தட்ட வேண்டியதுதான, எதுக்கு ஒடைக்கிறாரு?”

“தாப்பா வெளிப்பக்கம் இருக்குது சார், பாத்துத் தெறங்க!”

கணவர் வந்து என் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கினார். அப்போதுதான் முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பைப் பார்த்தேன். குடிதண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு என் காலைக் கழுவினார். தோளில் கிடந்த துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டார். அதன்பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “வாங்க, முக்கியமானதப் பாத்துடலாம்” என்றார்.

வரப்பின் முனையில் அந்த ஆள் குந்தியிருந்தான். நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. தலை இல்லை. பக்கத்தில் போனபோது டீசல் வாடை வந்தது. தண்ணீர் இறைக்கிற மோட்டார். சட்டை வெயிலில் வெளுத்து, நடுவில் கொஞ்சம் வாய் பிளந்திருந்தது.

“உப்புக் காத்து சார். இரும்ப ஒரே வருசத்துல தின்னுடும். சாக்கப் போட்டா சூடு அடைச்சுக்கும், பிளாஸ்டிக் போட்டா உள்ள வேர்க்கும். பழைய சட்டைதான் தோது. நாந்தான் போட்டு விட்டேன்.” மோட்டாரின் மேல் சட்டையை இழுத்துவிட்டார். “நான் ஒழுங்காத்தான சார் வச்சிருக்கறேன் அவள? ஷெட்டு ஒழிச்சிக் குடுத்தேன். பெயிண்டு வாங்க பாண்டிச்சேரிக்கு நாந்தான் வண்டியில கூட்டிகினு போவேன். அவ என்னைய முண்டம்னு நெனைக்கறாளா?”

“அவங்க நினைக்கலைங்க. நான்தான் பார்க்காம எழுதிட்டேன்” என்றேன்.

“எங்கிட்டச் சொல்லி என்னா பிரயோசனம்? டீக்கடையில வந்து சொல்லுங்க.”

டீக்கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். அவர் வண்டியை நிறுத்துவதற்குள்ளேயே ஒருவர் குரல் கொடுத்தார்.

“வா முண்டம், டீ சொல்லட்டுமா?”

“யோவ், எழுதினவரே வந்திருக்காரு. கேட்டுக்குங்க” என்றார் இவர், வண்டியிலிருந்து இறங்காமலே.

நான் கட்டுப்போட்ட காலோடு இறங்கி நின்றேன். குயிலாப்பாளையத்தில் நாற்பது பேர் முன்னால் மைக்கைப் பிடித்தவன் இங்கே பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

“அதாவதுங்க, அந்தச் சொல்ல நான் வேற அர்த்தத்துல எழுதினேன். சிற்பக்கலையில முண்டம்னா, தலை இல்லாம உடம்பு மட்டும் இருக்கிறது.”

“அதத்தான சார் நாங்களும் சொல்றோம். ஒடம்பு மட்டுந்தான் இருக்குது.”

கடையே சிரித்தது. கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

“அது சர்ரியலிசம்னு ஒரு பாணிங்க. சர்ரியல்னா…”

“சரியில்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே சார், தலைப்புலயே. குடும்பம் சரியில்ல, அவன் சரியில்ல. நாங்க என்னா பண்ணுவோம்?”

“சரியில்லன்னு எழுதலைங்க. சர்ரியல். சரி, அத விடுங்க. அந்தப் படத்துல இருக்கிறது இவரே இல்ல. மோட்டார். சட்டை போட்ட மோட்டார். நான் அதப் போயி ஆளுன்னு நெனச்சிட்டேன்.”

சிரிப்பு நின்றது. எனக்குத் திருப்தியாக இருந்தது. உண்மை ஒருவழியாக வென்றுவிட்டது என்று நினைத்தேன்.

பெஞ்சு ஓரத்தில் இருந்த பெரியவர் மெதுவாகக் கேட்டார். “அப்ப, மோட்டாரையும் இவனையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாத்தா வித்தியாசம் தெரியலன்றீங்க?”

இனி என்ன. போகும்போது முண்டமாக இருந்தவர் திரும்பும்போது மோட்டார் முண்டமாக இருந்தார். வண்டி வேகமாகப் போயிற்று. வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, “காப்பி சாப்புட்டுட்டு கெளம்புங்க. பஸ்ஸு இருக்குது” என்றார்.

அந்த அம்மா எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். என் காலைப் பார்த்தார். காப்பி போட உள்ளே போனார். ஜன்னல் வழியாக ஷெட் தெரிந்தது. தகரக் கதவு, அதில் புதுப் பூட்டு. ஹாலில், கண்காட்சி முடிந்து வந்த பெரிய படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள். நான் காப்பிக்காகக் காத்திருந்தேன். இத்தனைக்கும் நான் வந்ததே அந்தப் பூட்டுக்காக. வந்து, அது மேலும் இறுகுவதற்கு வேண்டியதைச் செய்து முடித்திருந்தேன்.

வேறு வழி தெரியாமல் எழுந்துபோய்ப் படத்தைத் திருப்பினேன். “ஒருவாட்டி நீங்களே பாருங்க. என் கட்டுரைய மறந்துடுங்க. உங்க அளம் இது. எதாவது தப்பா இருக்குதா?” என்றேன்.

அவர் பார்க்க மாட்டேன் என்பதுபோல நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஆனால் அளத்துக்காரருக்கு அளம் கண்ணில் பட்டுவிட்டால் பார்க்காமல் இருக்க முடியாது போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் நாற்காலி திரும்பியது.

“வாய்க்கா இப்பிடி வராது. வலப்பக்கம் திரும்பும்.”

“இடமில்ல, அதான் நேரா விட்டுட்டேன்” என்றது உள்ளேயிருந்து குரல்.

“மோட்டாரு வரப்பு முனையில இருக்குது. இது நட்டநடுவுல நிக்குது.”

“நடுவுலதான் நல்லா இருந்துச்சு.”

அவர் எழுந்து கிட்டே போனார். சட்டையையே பார்த்தார். விரலை வைத்து மேலிருந்து எண்ணினார். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் நின்றார்.

“இந்தச் சட்டையில மூணாவது பட்டன் கெடையாதே.”

உள்ளே காப்பி ஆற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

“பட்டன் போயித்தான நான் போடறத நிறுத்துனேன். ரெண்டு வருசமா தச்சிக் குடு, தச்சிக் குடுன்னு கேட்டேன். அப்பறந்தான மோட்டாருக்குப் போட்டேன். இதுல எப்பிடி இருக்குது? செவப்பா வேற இருக்குது.”

அந்த அம்மா காப்பித் தம்ளர்களோடு வந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்தார். ஒன்றை அவர் பக்கம் நீட்டினார்.

“தைக்கறேன் தைக்கறேன்னு சொல்லிகினே இருந்தேன்ல,” என்றார். “தச்சாச்சு. வெள்ள கெடைக்கல. என் ஜாக்கெட்டுல ஒண்ணு செவப்பு இருந்துச்சு.”

‘நெஞ்சில் பாய்ந்த குண்டு’ என்று எழுதியிருந்தேன். நான் காப்பியைக் குடித்தேன். அவர் தம்ளரை வாங்கவில்லை. பட்டனின் மேல் விரலை வைத்து லேசாகத் தேய்த்தார், நூல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

“அப்ப இது நாந்தானா?”

“பின்ன யாரு? மோட்டாருக்கு யாராவது பட்டன் தைப்பாங்களா?”

“தல?”

“நீங்க எங்க வூட்டுல இருக்கறீங்க? காத்தால போனா சாயங்காலம். அந்தச் சட்டதான் அங்கயும் இருக்குது, இங்கயும் கொடியில தொங்கிகினு இருந்துச்சு. தலையப் பாத்தாத்தான வரையறதுக்கு?”

நான் எதிர்பார்த்தது கோபம். அவர் சிரித்தார். முதலில் மூக்கால் சிரித்தார், பிறகு சத்தமாக. “அடிப்பாவி,” என்றார், “அத முன்னாடியே சொல்லியிருந்தா இந்த சாரக் கூப்புட்டிருக்க வேணாமே. கதவாவது தப்பிச்சிருக்கும்.”

சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. பூட்டைத் திறந்து சாக்குக் கட்டுகளை வெளியே இழுத்துப் போட ஆரம்பித்தார். நானும் கட்டுப்போட்ட காலோடு நாலைந்து கட்டு தூக்கினேன். உப்புத் தூசியில் தும்மல் வந்தது. மேசை வெளியே தெரிந்ததும் அந்த அம்மா உள்ளே போய் டியூப் லைட்டைப் போட்டுப் பார்த்தார். இரண்டு தடவை கண்சிமிட்டிவிட்டு எரிந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “சார், போதும்” என்று அவர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

படத்தைக் கணவர் சரியாகப் படித்துவிட்டார் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். எந்தப் புத்தகமும் இல்லாமல், விரலால் எண்ணி. நான் குண்டென்று நினைத்த இடத்தில் அவர் பட்டனைப் பார்த்தார், அது பட்டனாகவே இருந்தது. ஆனாலும் அது வெறும் பட்டன் என்று என்னால் இப்போதும் சொல்ல முடியவில்லை. சொல்லத் தெரியாததைச் சொல்லாமல் விடுவதென்று அன்றைக்கு முடிவு செய்தேன். அந்த முடிவு சில வாரங்கள் நிலைத்தது.

இரண்டு மாதம் கழித்துப் புதுச்சேரியில் கண்காட்சி. எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. அழைப்பிதழ் மட்டும் வந்தது. ஆறு படங்களும் இருந்தன. அளத்துப் பெண்கள் ஏழு பேரும் அன்றைக்கு லீவு போட்டு, பட்டுப்புடவை கட்டி, ஒரே வேனில் வந்திருந்தார்கள். ஐந்தாவது படத்தின் முன்னால் கூட்டமாக நின்று ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் அருகில் போனதும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள்.

நீலக் கதவு. அதில் முழங்கால் வரை புதைந்த ஓர் ஆள், கண்ணாடி போட்டவர், ஒரு கையில் செருப்பைத் தூக்கிப் பிடித்தபடி. மற்றக் கையில் ஒரு மடிப்புத்தாள். வானம் கீழே இருந்தது.

பக்கத்தில் நோட்டுப்புத்தகத்தோடு நின்றிருந்த கல்லூரிப் பெண் என்னைக் கேட்டாள், “இந்தச் செருப்பு எதோட குறியீடு சார்?”

“குறியீடெல்லாம் இல்லம்மா. ஈர வரப்புல செருப்போட நடந்தா வழுக்கும்” என்றேன்.

அவளுக்கு அது போதவில்லை. எதையோ விரிவாக எழுதிக்கொண்டாள். நான் எட்டிப் பார்த்தேன். ‘அறிவுஜீவியின் கைவிடப்பட்ட பயணம்’ என்று இருந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தாள். அவள் வயதில் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். அவளைவிட இரண்டு மடங்கு வயதில் இதைவிட மோசமாக எழுதினேன்.

கணவர் வந்து என் தோளருகே நின்றார். புதுச் சட்டை, எல்லாப் பட்டனும் இருந்தது. படத்தை ஏற இறங்கப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

“உங்களுக்குத் தலையெல்லாம் வச்சித்தான் சார் வரைஞ்சிருக்கா,” என்றார். “இருந்தாலும் முண்டம்னு பாத்ததும் தெரிஞ்சிடுது.”